வெறுங்கழுத்து

ஜன்னலோரம் நீயே உக்காரு தாயி. எனக்குக் காத்து ஆகாது. தொண்டை கட்டிக்கிட்டுக் கெடக்கு. பொங்கலுக்கு முன்னாடி கட்டுனது, இன்னும் தெளிய மாட்டேங்குது. நான் பேசுறது காதுல விழுதா? இந்த டிரைவர் வேற பாட்டைப் போட்டு விட்டுட்டான். இன்னும் கொஞ்சம் கிட்ட வா. வெக்கப்படாத.

நீயும் இருக்கன்குடிக்குத்தானா? வேண்டுதலா? பிள்ளைக்கு முடி எடுக்கவா? நல்லா இருக்கட்டும். நான் தாலி காணிக்கை போடப் போறேன். ஆமா, உண்டியல்லதான். கழுத்துல கெடக்குற பொன்தாலியக் கழட்டி மாரியாத்தா கிட்டப் போட்டுட்டு, மஞ்சக்கயிறு கட்டிக்கிட்டு வரணும். புருசன் உசுருக்கு ஆபத்துன்னா எங்க பக்கத்துல அப்படித்தான் வேண்டிக்கிடுவோம். என் தாலிய நீ எடுத்துக்க, அவுக உசுர எனக்கு விட்டுரு. அம்புட்டுத்தான். நேத்துல இருந்து இதையே சொல்லிச் சொல்லி வாய் ஒணந்து போச்சு.

சீக்காளியாவா? அட, அதெல்லாம் இல்ல. பாக்கக் கல்லு கணக்கா இருக்காக. சிவகாசியில காலண்டர் ஆபீஸ்ல கட்டிங் மிசின்ல நிக்கிறாக. இன்னைக்குக் காலையிலகூட தோசைக்குச் சட்னி பத்தலன்னு என்கூட மல்லுக்கு நின்னாக. எப்பவாச்சும் நெஞ்சு கரிக்குதும்பாக. பீடி குடிச்சா கரிக்காம என்ன செய்யும்? அவுக இப்படித் தெம்பா இருக்கிறதப் பாத்தாத்தான் தாயி எனக்கு இன்னும் பயமா இருக்கு. படுத்துக் கெடந்தாலாவது இன்ன நோவுன்னு தெரியும். ஒண்ணுமே இல்லாத மனுசனுக்குப் படத்துல வந்து இப்படி விழுந்திருக்குதேன்னு ராத்திரி பூராம் பொட்டுத் தூக்கமில்ல.

படம்னா சினிமாப் படம் இல்ல. கையால வரையிற படம். என் கொழுந்தன் வரைஞ்சது. வெயிலுமுத்துன்னு பேரு. பேப்பர்ல அடிக்கடி போடுவாகளே, தாடி வச்சுக்கிட்டு, எங்கிட்டோ பாத்துக்கிட்டு நிப்பான். நீ பாத்ததில்லையா? பெரிய ஓவியன் தாயி. பட்டணத்துக்காரங்க அவன வெயில், வெயில்னுதான் கூப்பிடுதாங்க. முத்தை எங்க கழட்டி வச்சாங்களோ தெரியல. அவன் படத்தை வச்சிருக்காத பெரிய ஊரு இல்லயாம். வெளிநாட்டுல ஏதோ ஒரு ஊரு, தெருவுல ரோட்டுக்குப் பதிலாத் தண்ணி ஓடுமாம், கடைக்குப் போறதுன்னாலும் படகுலதான் போகணுமாம், அங்கயே போய் வச்சுட்டு வந்துட்டான். மழைக்காலத்துல எங்க தெருவும் அப்படித்தான் இருக்கும், எங்களை யாரு கூப்பிட்டுப் பாக்குறா.

நான் கல்யாணமாகி வரும்போது டவுசர் போட்டுக்கிட்டுத் திரிஞ்சவன். மாமியா இல்லாத வீடு. நான்தான் சோறு போட்டேன், தலைக்கு எண்ணெய் வச்சேன், பேனு பாத்தேன். கரித்துண்டு கெடைச்சாப் போதும், செவரு பூராம் படமா இருக்கும். தீப்பெட்டி லேபிளைப் பாத்துப் பாத்து வரைவான். படிப்பு ஏறல. அவுக கூட்டிட்டுப் போயி காலண்டர் ஆபீஸ்ல படம் போடுற செட்டுல சேத்துவிட்டாக.

அந்தக் காலத்துல அங்க எப்படின்னா, சாமி படத்தை ஒருத்தரே வரைய மாட்டாங்க. மூஞ்சி, கையி, காலு இதெல்லாம் பெரியவரு ஒருத்தரு வரைவாரு. சேலைய வேற ஆளு வரைவாரு. கடைசியா நகை. நகைக்குன்னு தனியா ஒருத்தன். அதுக்குத்தான் இவனைப் போட்டாங்க. லட்சுமி கழுத்துல ஆரம், அட்டிகை, காசுமாலைன்னு பொட்டுப் பொட்டா மஞ்சளை வச்சுக்கிட்டே இருக்கணும். இவன் வச்சு முடிப்பான், மொதலாளி வந்து பாத்துட்டு, “என்னப்பா, அம்மன் பஞ்சத்துல அடிபட்டவ மாதிரி இருக்கா, இன்னும் ரெண்டு ஆரம் போடு”ம்பாரு. இவன் போடுவான். மறுபடியும் வந்து இன்னும் ரெண்டும்பாரு.

சாப்பிட வரும்போது என்கிட்டச் சொல்லுவான். “மதினி, பெரியவரு அம்புட்டு அழகா ஒரு கழுத்து வரைஞ்சு குடுக்காரு. அதை நான் நகைய வச்சு வச்சு மூடுறேன். பாவமா இருக்கு மதினி.” கழுத்துக்குப் போயி எவனாச்சும் பாவப்படுவானா? நான் சிரிச்சேன். அன்னைக்கே அவன் மண்டையில நாலு தட்டு தட்டியிருந்தா இன்னைக்கு நான் இந்த பஸ்ல உக்காந்திருக்க மாட்டேன்.

அப்புறம் கும்பகோணத்துல படம் படிக்கிற காலேசுக்குப் போறேன்னு ஒத்தக்கால்ல நின்னான். அவுகளுக்கு இஷ்டமில்ல. நான்தான் சொல்லிக் கில்லி அனுப்பி வச்சேன். படிச்சான், மெட்ராஸ் போனான், என்னென்னமோ செஞ்சான். ஒருநாள் கடுதாசி போட்டு, “மதினி, என் படத்தை எல்லாம் ஒரு எடத்துல மாட்டி வைக்கப் போறாங்க, நீங்க வந்தே ஆகணும்”னு கூப்பிட்டான். நானும் அவுகளும் போனோம். குளுகுளுன்னு ஏசி போட்ட பெரிய ரூமு. உள்ள போயி நிமிந்து பாத்தேன்.

நாலு செவத்துலயும் பொம்பளைங்க. எல்லாம் எங்க தெருவுப் பொம்பளைங்க, எங்க ஆளுங்க. முகம் அப்படியே அச்சு. ஆனா ஒருத்தி கழுத்துலயும் ஒரு குண்டுமணி இல்ல. தாலியும் இல்ல. மூளியா நிக்கிறாளுக. புருசன் உசுரோட இருக்க, பிள்ளை குட்டியோட இருக்க, தாலிய அறுத்த மாதிரி நிக்கிறாளுக. முடியக் கிராப்பு வெட்டுன ஒரு அம்மா என் பக்கத்துல வந்து, “பாத்தீங்களா, இவங்கல்லாம் விடுதலை அடைஞ்ச பெண்கள்”னு சொல்லுச்சு. விடுதலையாவா? எங்க தெருவுல அதுக்கு வேற பேரு இருக்கும்மான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கொழுந்தன் நல்லா இருக்கட்டும்னு அடக்கிக்கிட்டேன்.

வெளிய வந்து அவன்கிட்டக் கேட்டேன். ஏன்டா இப்படிச் செஞ்சன்னு. “எத்தனையோ வருசம் நகையாப் போட்டு மூடுனேன் மதினி. இப்பத் தெறந்து பாக்குறேன். கழுத்தைப் பாத்தாத்தான் ஆளைத் தெரியும்”னான். அவன் சொன்னது எனக்கு விளங்கல. உனக்கு விளங்குதா? நீ படிச்சவ மாதிரி இருக்க.

போவட்டும், அதுவும் ஒரு பொழப்புன்னு விட்டுட்டோம். ஆனா கேளு. என் நாத்தனா குருவம்மா, இவனுக்கு அக்கா, அவளை வரைஞ்சான். அவளும் பல்லைக் காட்டிக்கிட்டுப் போயி உக்காந்தா. அதே மாதிரி வெறுங்கழுத்து. படம் டெல்லிக்குப் போச்சு, பரிசு வாங்குச்சு. பரிசு வந்த கையோட அவ புருசன் பைபாஸ் ரோட்டுல லாரியில அடிபட்டுப் போய்ச் சேந்தாரு. படத்துல எப்படி இருந்தாளோ அப்படியே கொண்டாந்து உக்கார வச்சாங்க தாயி நடு வீட்டுல. அப்படியே! நான் பாத்தேன், அந்தத் தோளு, அந்தக் கழுத்து, அந்தப் பார்வை. ஊரே ஒப்பாரி வைக்குது, எனக்குக் கண்ணுல தண்ணி வரல. அந்தக் கழுத்தையே பாத்துக்கிட்டு நின்னேன்.

தற்செயல்னு சொல்லுத. எங்க வீட்டுலயும் அதைத்தான் சொன்னாக. சரி, இன்னொண்ணு சொல்றேன். இவன் பள்ளிக்கூடத்துல படிச்சப்போ ஒரு கணக்கு வாத்தியாரு. இவன் மேல பாசமா இருப்பாரு. அவரை உக்கார வச்சு வரைஞ்சான். படத்துல ஒரு கண்ணு கொஞ்சம் சின்னதா, வாயி லேசா ஒரு பக்கமா இழுத்தாப்புல இருந்துச்சு. “என்னடா, என்னைக் கோணவாயனாக்கிட்ட”ன்னு வாத்தியாரே சிரிச்சாரு. நாங்களும் சிரிச்சோம். அடுத்த வாரமே அந்தப் பக்கம் பூராம் விழுந்துருச்சு. வாதம். இன்னைக்கு வரைக்கும் எந்திரிக்கல.

அன்னைக்கு எங்க வீட்டு அடுப்படியில வந்து உக்காந்துக்கிட்டு வெயிலு குலுங்கிக் குலுங்கி அழுதான். “நான் பாத்தேன் மதினி. வரையும்போதே பாத்தேன். பாத்தும் சொல்லாம விட்டுட்டேனே. இனிமே இப்படி விடமாட்டேன்”னான். கேட்டியா? பாத்தேங்கிறான்! வரப்போறது அவனுக்கு முன்னாடியே தெரியுது தாயி. அவன் வாயாலயே சொல்லிட்டான். அந்த நாளுல இருந்து நான் அவன் கையில பென்சிலைப் பாத்தாலே உள்ள போயிருவேன். அடுப்புல பாலுன்னுவேன், கொடியில துணின்னுவேன். பிள்ளை கணக்கா வளத்தவன் தான். ஆனா பயம் பயம்தானே.

தண்ணி குடிச்சுக்கிடுறேன் இரு... ஒரு வாய்த் தண்ணிகூட நின்னு நின்னுதான் எறங்குது. ரெண்டு மூணு நாளாச் சோறும் அப்படித்தான். பயந்தா எனக்குத் தொண்டைய அடைச்சிரும், சின்னப் பிள்ளையில இருந்தே அப்படி.

இந்த மாசி பிறந்ததும் வந்து நின்னான். பெரிய ஊருல பெரிய எடத்துல அவன் படத்தை வைக்கப் போறாங்களாம், அதுக்கு என்னை வரையணுமாம். நான் முடியாதுன்னுட்டேன். கெஞ்சுனான். “ஊரு ஒலகத்தை எல்லாம் வரைஞ்சுட்டேன். எனக்குச் சோறு போட்ட மொகத்தை வரையல. எனக்கே கேவலமா இருக்கு மதினி”ன்னான். அவுகளும் சேந்துக்கிட்டு, “ஒக்காரேன்டி, அவன் என்ன உன்னைக் கடிச்சா திங்கப் போறான்”னாக. எனக்கும் மனசு எளகிருச்சு. அவன் அப்படிக் கேட்டா யாருக்குத்தான் எளகாது? சத்தியம் வாங்கிக்கிட்டேன். மாரியாத்தா மேல சத்தியமா என்னைத் தாலியோடதான் வரையணும்னு. அவனும் கையில அடிச்சான். “தாலியோடதான் மதினி. ஆனா கடைசியாத்தான் போடுவேன். மொதல்ல உடம்பு, அப்புறம் சேலை, கடைசியில நகை. காலண்டர் ஆபீஸ்ல பழகுனது, மாத்த வராது”ன்னான். நானும் கூறுகெட்டத்தனமா சரின்னுட்டேன்.

மாடியில வெளிச்சம் நல்லா வரும், அங்க நாற்காலியப் போட்டு உக்கார வச்சான். மொத நாளு நல்லாத்தான் இருந்துச்சு. பழைய கதை எல்லாம் பேசிச் சிரிச்சோம். என் மூக்கு அவனுக்குச் சரியா வரலன்னு அழிச்சு அழிச்சுப் போட்டான். ரெண்டாவது நாளு கழுத்துக்கு வந்தான். தாலிக்கொடிய சேலைக்குள்ள விட்டுக்கச் சொன்னான். விட்டுக்கிட்டேன். கொஞ்ச நேரம் வரைஞ்சான். அப்புறம் அப்படியே நிறுத்திட்டான் தாயி. பிரஷ்ஷு கையில நிக்குது, அவன் என்னையவே பாக்குறான். “மதினி, கொஞ்சம் எடப் பக்கம் திரும்புங்க.” திரும்புனேன். “நாடியத் தூக்குங்க.” தூக்குனேன். “எச்சி முழுங்குங்க.” இது எந்த ஊரு வழக்கம்? படத்துல எச்சி முழுங்குறது தெரியவா போவுது? “இன்னொருக்கா முழுங்குங்க மதினி.” அவன் மொகத்தைப் பாத்தேன். வெளுத்துப் போச்சு.

“தொண்டை எம்புட்டு நாளாக் கட்டியிருக்கு?”ன்னான். நான் பொங்கலுக்கு முன்னாடின்னேன். பேச்சை மாத்துறான்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. நடக்கக் கூடாதது என்னமோ அவன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு, அதை மறைக்கத் தொண்டை, முழுங்குன்னு என்னத்தையோ பேசுறான். எழுந்திருச்சுக் கீழ போயிட்டான். போனுல இங்கிலீசுல யாருகிட்டயோ பேசிக்கிட்டே தெருவுல நடக்குறான். டாக்டர், டாக்டர்ங்கிறது மட்டும் எனக்கு விளங்குச்சு.

அவன் கீழ இருக்கையில நான் சுத்திப்போயி அந்தப் படத்தைப் பாத்துட்டேன். பாத்திருக்கக் கூடாது.

நான்தான். என் மூஞ்சிதான். கீழ வெறுங்கழுத்து. சரி, தாலி கடைசியிலதான்னு சொன்னானேன்னு மனசைத் தேத்திக்கிட்டுக் கிட்டப் போயிப் பாத்தா, கழுத்துல ஒரு பக்கமா கருப்பா ஒரு நெழலு. இங்கன, பாரு, இங்கன. லேசாப் பொடைச்சாப்புல. அது என்னன்னு உனக்குத் தெரியல? தாலிக்கொடி கெடந்த தடம் தாயி! எத்தனையோ வருசம் கெடந்த கொடிய அறுத்தா அங்க தடம் விழுகும்ல, வீங்கிப் போயி? குருவம்மா கழுத்துல நான் பாத்திருக்கேன். அதை வரைஞ்சு வச்சிருக்கான். மத்தவளுக படத்துல வெறுங்கழுத்து மட்டும்தான் இருந்துச்சு. என் படத்துல அறுத்த தடமே இருக்கு. அங்கனயே உக்காந்துட்டேன்.

மாடிக்கு வந்தவன் என்னைப் பாத்தான், படத்தைப் பாத்தான். புரிஞ்சுக்கிட்டான். என் முன்னால முட்டி போட்டு உக்காந்து, “மதினி, ஒண்ணு சொல்லணும். பயப்படாதீங்க”ன்னான். நான் பாஞ்சு அவன் வாயைப் பொத்திட்டேன். சொல்லாதடா! வாயைத் தெறக்காத! இதையெல்லாம் வாயால சொல்லக் கூடாது, சொன்னாப் பலிச்சிரும்னேன். அவன் என் கையை விலக்கிட்டுச் சொல்ல வாரான். நான் மாரியாத்தா மேல ஆணை, சொன்னா மாடியில இருந்து குதிச்சிருவேன்னேன். அழுவுறான். நானும் அழுவுறேன்.

சரி, நான் கேக்குறதுக்கு ஆமா, இல்லன்னு மட்டும் தலையாட்டுன்னேன். உசுருக்கு ஆபத்தா? “இருக்கலாம்”னான். எனக்கு உசுரே போயிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனாச் சரியாயிருமா? “ஆயிரும் மதினி. இப்பவே போனா ஆயிரும். அதான் சொல்றேன், நாளைக்கே போகணும்.” உங்க அண்ணனுக்குத் தெரியுமா? “இன்னும் தெரியாது. சொல்லிரவா?” அடப்பாவி, அவுககிட்டச் சொல்லிராதடா, தாங்க மாட்டாகன்னேன். அவன், “எப்படி மதினி சொல்லாம இருக்கிறது”ன்னான். நீ டாக்டரை மட்டும் பாரு, மத்ததை நான் பாத்துக்கிடுறேன்னுட்டேன். அவன் நேத்தே மதுரைக்குப் போயிட்டான், பெரிய டாக்டரு ஒருத்தர்கிட்டச் சொல்லி வைக்க. போகும்போது, “நீங்களும் அண்ணனும் காலையில மொத பஸ்ஸுல வந்துருங்க மதினி. ரெண்டு பேரும் வரணும்”னு படிச்சுப் படிச்சுச் சொன்னான்.

நான் எதுக்கு ஆஸ்பத்திரிக்கு? ஊசி போடுறதைப் பாத்தாலே எனக்கு மயக்கம் வரும். ஆளுக்கு ஒரு வேலையாப் பாத்தாத்தான் நடக்கும். டாக்டரு செய்யிறதை டாக்டரு செய்யட்டும், ஆத்தா செய்யிறதை ஆத்தா செய்யட்டும். அவுகளைக் காலையிலயே பஸ் ஏத்தி விட்டுட்டேன். வரமாட்டேன்னாக. எனக்கு என்ன கேடு, மிசினுல ஆளு இல்லன்னாக. என் தலையில கைய வச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னேன். நெஞ்சுல இருந்து காலு வரைக்கும் என்னென்ன டெஸ்டு இருக்கோ எல்லாம் எடுத்துப் பாத்துட்டுத்தான் வீட்டு வாசல்ல கால் வைக்கணும்னேன். தம்பி ஏற்பாடு பண்ணிருக்கான், அவன்கிட்ட நேராப் போங்கன்னேன். நான் வேலையை முடிச்சுட்டுப் பின்னாடியே வாரேன்னு பொய் சொன்னேன். அப்புறம் வீட்டு வேலைய ஒதுக்கி, மத்தியானத்துக்கு மேல தலைக்கு ஊத்திக்கிட்டு, ஒரு பருக்கை பல்லுல படாம, நேரா இந்த பஸ்ஸு.

ஒண்ணு பாக்கி வச்சுட்டேன், சொல்லணும்ல. வரும்போது மாடிக்குப் போனேன். அந்தப் படம் அப்படியே நிக்குது. அதை அப்படியே விட்டுட்டு எப்படி வர? அவன் குழைச்சு வச்சிருந்த மஞ்சள்ல பிரஷ்ஷ முக்கி, அந்தக் கருப்பு நெழலு மேலயே, நல்லாப் பட்டையா, ஒரு தாலிக்கொடிய இழுத்து விட்டுட்டேன். எனக்கு எங்க வரையத் தெரியும்? தேர் வடம் கணக்கா இருக்கு. இருந்துட்டுப் போவட்டும். நெழலு இப்பத் தெரியல. நல்லா மூடிட்டேன். வெயிலு பாத்தான்னா கத்துவான். கத்தட்டும். ஒலகமே மெச்சுற படமா இருந்தா என்ன, என் புருசனைவிடப் பெருசா?

எவனும் ஒத்துக்க மாட்டான், ஆனா நான் நெசத்தைச் சொல்றேன் தாயி, நான் சாகப் பயந்தவ இல்ல. எனக்கு என்னமும் வந்தா வந்துட்டுப் போகுது. அவுக போயி நான் இருக்கிறதத்தான் நெனைச்சுப் பாக்க முடியல. குருவம்மாவைப் பாத்துட்டு வந்த அன்னைக்கு வீட்டுல அவுக பனியனைப் போட்டுக்கிட்டு ஒக்காந்து முறுக்குத் தின்னுக்கிட்டு இருந்தாக. நான் போயி அந்தக் கையைப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். கையை எடுடி, முறுக்குத் திங்க விடுன்னாக. அம்புட்டுத்தான் தாயி எனக்கு வேணும். அந்த முறுக்குத் திங்கிற சத்தம்.

இரு இரு, போனு அடிக்குது. எங்க வச்சேன்... இந்தா இருக்கு. அவுகதான்! ஆத்தா, மாரியாத்தா, நல்ல சேதியாக் குடு. இந்தப் பச்சையைத்தானே அமுக்கணும்? நீயே அமுக்கிக் குடு தாயி.

அலோ! சொல்லுங்க. அலோ! கேக்குது, சொல்லுங்க. என்னவாம்? ...எல்லாம் எடுத்தாச்சா? நெஞ்சுப் படம் எடுத்தாச்சா? ரத்தம்? ...ஒண்ணுமில்லயாமா? நெசமாவா? டாக்டரே சொன்னாரா? இன்னொருக்கா சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க, பஸ்ஸுல இருக்கேன். ...ஐயோ ஆத்தா! என் வயித்துல பாலை வாத்தியே!

கேட்டியா தாயி? ஒண்ணுமே இல்லயாம். போனதும் தம்பியத் தேடாம அவுகளே ஆஸ்பத்திரியில சீட்டுப் போட்டு எல்லாம் பாத்துட்டாகளாம். இருதயம் எளவட்டப் பயலுக்கு இருக்கிற மாதிரி இருக்காம். நான் சொல்லல? கோயிலுக்குப் பொறப்பட்டேன் பாரு, பாதி வழியிலயே எறங்கிட்டா என் ஆத்தா. பஸ்ஸு மட்டும் இப்ப நின்னுச்சுன்னா ரோட்டுலயே விழுந்து கும்பிடுவேன்.

அலோ, இருக்கேன், சொல்லுங்க. ...தம்பி வந்துட்டானா? பேசுனீகளா? ...நான் எங்க இருக்கேன்னா? இருக்கன்குடிக்குப் போயிக்கிட்டு இருக்கேன். ...எறங்கவா? எதுக்கு எறங்கணும்? அங்கன எனக்கு என்ன வேலை? அதான் உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கள்ல? ...கார் அனுப்புறானா? எனக்கு எதுக்குக் காரு? நீங்க மொதல்ல வயித்துக்கு எதாச்சும் சாப்பிடுங்க. நான் தாலியப் போட்டுட்டு வந்துருவேன். ...என்ன? கேக்கல. ...என்னங்க? ...ஏங்க?

பேச மாட்டேங்கிறாக தாயி. அழுவுறாக. அவுக அம்மா செத்தப்பக்கூட அழுததில்லன்னு சொல்லுவாக, இப்ப ஏங்கி ஏங்கி அழுவுறாக. வெயிலு கையில குடுங்க போனை! வெயிலு, நீயாச்சும் சொல்லுடா, என்னடா... இவனும் அழுவுறான்.

ஏந்தாயி, நல்ல சேதி வந்தா ஆம்பளைங்க இப்படி அழுவாங்களா? ரெண்டு பேருமா?